ஒரு சென்ட் கொல்லைக்கு எந்த மரம்? கொய்யா, சப்போட்டா, சீத்தா, தேன்பழம்: ஓர் ஒப்பீடு

வீடு கட்டியது போகப் பின்பக்கம் ஒரு சென்ட் மிஞ்சினாலே இன்றைக்கு அதிர்ஷ்டம்தான். 436 சதுர அடி. இருபதுக்கு இருபத்திரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மூலையை செப்டிக் டேங்க் எடுத்துக்கொள்ளும், இன்னொரு பக்கத்தைத் துணிக்கொடி. மிச்சமுள்ள இடத்திலிருந்து வீட்டார் மூன்று கேட்பார்கள்: சாப்பிடப் பழம், சாமிக்கும் தலைக்கும் பூ, காலையில் வந்து போக நாலு குருவி. மூன்றையும் தரும் ஒரே மரம் எது என்று நர்சரியில் கேட்டால், அன்றைக்கு அவர்களிடம் எது அதிகம் இருக்கிறதோ அதைக் கை காட்டுவார்கள்.

மூன்றையும் சமமாகத் தரும் மரம் கிடையாது. ஏதோ ஒன்றில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். எதில் என்று முடிவு செய்யப் பழத்தின் ருசியைவிட மரத்தின் உயரம் நன்றாக வழிகாட்டும். கை எட்டும் காய்க்குப் பை கட்டலாம், பதம் பார்த்துப் பறிக்கலாம், மாவுப்பூச்சி வந்தால் அன்றே துடைக்கலாம். கை எட்டாத காய், தண்ணீர் ஊற்றியது யாராக இருந்தாலும், கிளிக்கும் வௌவாலுக்கும்தான். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு மரத்தையும் மூன்று கேள்வி வைத்துப் பார்க்கலாம். எந்த உயரத்தில் நிறுத்த முடியும்? காயாகப் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்க முடியுமா? நாம் பறித்தது போக மற்ற உயிர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

முதலில் வெயில்

பழ மரத்துக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இதைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்வதுதான் பலர் செய்யும் தவறு. சித்திரையில் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் கொல்லை முழுக்க வெயிலாகத் தெரியும். மார்கழியில் அது தெற்கே சாய்ந்துவிடும். 22 அடி உயரமுள்ள மாடி வீட்டின் நிழல் அப்போது உச்சிப் பொழுதிலேயே வடக்கே சுமார் 15 அடி விழும். வீட்டுக்கு வடக்கே கொல்லை இருப்பவர்கள் இந்த 15 அடியைத் தள்ளித்தான் மரத்துக்குக் குழி போட வேண்டும். நிழல் விழும் பட்டை கறிவேப்பிலைக்கும் இட்லிப்பூவுக்கும் ஒத்துக்கொள்ளும்.

அடுத்தது தரைக்கணக்கு. எட்டடி அகலத்தில் கவாத்து செய்து நிறுத்திய கொய்யா ஐம்பது சதுர அடியை மூடும். இருபதடி விரிந்த சப்போட்டா முந்நூறு சதுர அடிக்கு மேல் மூடும், அதாவது உங்கள் சென்ட்டில் முக்கால் பாகத்தை.

கொய்யா

சின்ன இடத்துக்கு ஒரே மரம் என்றால் கொய்யாதான் எங்கள் முதல் தேர்வு. ருசி அதற்குக் காரணம் அல்ல. கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும், துளிர்த்த இடத்தில் மொட்டு வைக்கும். அதனால் ஏழடி உயரத்தில் எத்தனை ஆண்டு நிறுத்தி வைத்தாலும் காய்ப்பு குறையாது. வேறு பல பழ மரங்களில் வெட்டு என்றால் அந்தப் பருவத்துக் காய் போச்சு.

விதைக் கன்று வேண்டாம். தாய் மரம் போலவே காய்க்கும் என்ற உறுதி அதற்கு இல்லை, காய்க்கவும் கூடுதல் ஆண்டுகள் ஆகும். பதியன் அல்லது ஒட்டுக் கன்று இரண்டாம் ஆண்டிலேயே காய் காட்டும். ரகங்களில் லக்னோ 49 படர்ந்து வளரும், பெரிய காய், வெள்ளைச் சதை. தாழ்வாக வளர்க்க ஏற்றது. அலகாபாத் சஃபேதா நேராக மேலே போகும் குணமுள்ளது. இனிப்பு நன்றாக இருந்தாலும் கவாத்து வேலை கூடும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா கிரண் சிவப்புச் சதை, நெருக்கி நடவுக்கு ஏற்றது. தைவான் பிங்க் சீக்கிரம் காய்க்கும், பல வீடுகளில் தொட்டியில்கூட வைக்கிறார்கள். ஆனால் செடி சிறிதாக இருக்கும்போதே காய் பிடித்துக் கிளை ஒடியும். முதல் ஆண்டுக் காய்களை மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுவது நல்லது.

வடிவம் கொடுப்பது முதல் இரண்டு ஆண்டில் முடிந்துவிட வேண்டும். கன்று வேர் பிடித்ததும் நடுத்தண்டை இரண்டரை அடியில் வெட்டுங்கள். வரும் துளிர்களில் திசைக்கொன்றாக மூன்று நான்கை மட்டும் விடுங்கள். அவை இரண்டடி வளர்ந்ததும் பாதியாக வெட்டுங்கள். இப்படி இரண்டு சுற்று செய்தால் குடை விரிந்த மரம் கிடைக்கும். அதற்குப் பிறகு ஆண்டுக்கு இரு முறை, மாசி-பங்குனியிலும் புரட்டாசி-ஐப்பசியிலும், நுனியிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கிள்ளினால் போதும். மரம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல் ஒரு பாதியை இந்தப் பருவமும் மறு பாதியை அடுத்த பருவமும் வெட்டுவது வீட்டுக்கு ஏற்ற முறை. அப்போதுதான் ஐம்பது காய் ஒரே வாரத்தில் பழுத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தும் மிஞ்சும் நிலை வராது. நேரே மேலே போகும் கிளையை வெட்ட மனமில்லையென்றால் கயிறு கட்டித் தரைப்பக்கம் வளைத்து முளைக்குச்சியில் கட்டுங்கள். வளைத்த கிளை நெடுகப் பக்கத் துளிர் வந்து பூக்கும். காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு ஐம்பது கிலோ தொழு உரம், பங்குனியில் பாதி, ஐப்பசியில் பாதி.

கொய்யாவின் பெரிய தலைவலி பழ ஈ. வெளியே ஊசிக் குத்து போல ஒரு புள்ளிதான் தெரியும், வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு. பழம் நிறம் மாறத் தொடங்கும்போது பெண் ஈ தோலுக்கடியில் முட்டை வைக்கிறது. மழைக்காலக் காயில்தான் இந்தச் சேதம் அதிகம். கடையில் விற்கும் மெத்தில் யூஜினால் பொறி ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். தோப்பு முழுக்கக் கட்டினால் இனப்பெருக்கம் குறையும். ஒரு மரத்துக்கு ஒரு பொறி கட்டினால், பக்கத்து வீட்டில் இணை சேர்ந்த பெண் ஈ வருவதை அது தடுக்காது. ஒற்றை மரத்துக்குப் பைதான் வழி. காய் எலுமிச்சை அளவு வந்ததும் நெய்யாத துணிப் பையோ, பழைய வேட்டித் துணியில் தைத்த பையோ போட்டுக் காம்பில் கட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் கவர் போட்டால் அடியில் நாலு ஓட்டை போடாமல் கட்டாதீர்கள். வியர்த்த தண்ணீர் தேங்கிப் பழம் அழுகும். பிஞ்சிலேயே தோலில் சொரசொரப்பாகக் கருப்புத் தடிப்பு வந்தால் அது தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியின் வேலை. அதற்குப் பையை இன்னும் முன்பே, நெல்லிக்காய் அளவில், போட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பறவைக்கென்று உச்சியில் பத்துக் காயைப் பை போடாமல் விடலாம். கிளி, குக்குறுவான், மைனா, அணில் எல்லாம் வரும். ஆனால் அவை பாதி தின்று போட்ட பழத்தில்தான் அடுத்த தலைமுறைப் பழ ஈ வளரும். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, கெட்டியான பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு உரக்குழியில் சேர்க்க முடியுமானால் பங்கு கொடுங்கள். ஊரில் இல்லாத வீடு என்றால் எல்லாவற்றையும் பறித்துவிடுவது மேல்.

சப்போட்டா

இது நிதானமான மரம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 போன்ற ரகங்கள் பாலை மரக் கன்றில் ஒட்டுக் கட்டி வருகின்றன. மூன்றாம் நான்காம் ஆண்டில் காய்ப்புக்கு வரும், பிறகு தலைமுறை தாண்டி நிற்கும். தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். என்றும் இலை உதிராமல் பச்சையாக நிற்பதால் வீட்டின் மேற்குச் சுவருக்கு நிழல் தேடுபவர்களுக்கு நல்ல தேர்வு.

ஒரு பெரிய வசதியும் உண்டு: முற்றிய காயைப் பறித்து வீட்டுக்குள் வைத்தால் சில நாளில் பழுத்துவிடும். மரத்தில் பழுக்க விடவே தேவையில்லை. பதம் தெரிந்துகொள்ளத் தோலின் மேலுள்ள பழுப்புத் தூளைத் தேய்த்துப் பாருங்கள். எளிதாக உதிர்ந்தால் நகத்தால் லேசாகக் கீறுங்கள். கீறல் பச்சையாக இருந்தால் இன்னும் விட வேண்டும்; மஞ்சள் கலந்து இருந்தால் பறிக்கலாம். பச்சைக் கீறல் காயைப் பறித்தால் அது பழுக்காமல் ரப்பராகி, உள்ளே பால் கட்டித் தொண்டையைக் கரகரக்க வைக்கும்.

ஒட்டுக்கு அடியிலிருந்து வரும் துளிர்தான் சப்போட்டாவில் பலரும் கவனிக்காத ஆபத்து. அது பாலை. நுனியில் சிறு பள்ளம் விழுந்த இலையைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். சப்போட்டா இலை நுனி கூர்ந்திருக்கும். அந்தத் துளிரை விட்டுவைத்தால் சத்தெல்லாம் அதற்குப் போய் மேலே ஒட்டு பட்டுப்போகும். “காய்க்கவே இல்லை” என்று வெட்டப்படும் சப்போட்டாக்களில் சில உண்மையில் பாலை மரங்கள்.

ஒரு சென்ட்டில் இதை நட நாங்கள் தயங்குவது அளவால்தான். மெதுவாக வளர்கிறதே என்று நட்டவர்கள், பத்தாம் ஆண்டில் அடியில் புல்லும் முளைக்காத நிழலைப் பார்ப்பார்கள். கொய்யாவைப் போல வெட்டிச் சிறிதாக்கினால் காய்ப்பு குறையும். உச்சியில் பழுத்ததை இரவில் வௌவால் எடுக்கும், தின்ற கொட்டையையும் சக்கையையும் சுவரில் துப்பும். மூன்று சென்ட்டுக்கு மேல் இருந்தால் தாராளமாக நடுங்கள். இடம் சிறிது என்றால் பழக்கடையில் வாங்கிக்கொள்வதே லாபம்.

சீத்தா

தண்ணீர் இல்லாத வீட்டுக்கு இதை முதலிடத்தில் வைக்கலாம். கரட்டு நிலத்திலும் செம்மண்ணிலும் தானாக முளைத்து நிற்கும் மரம் அது. பன்னிரண்டு பதினைந்து அடிக்கு மேல் போகாது. இலையின் கசப்பால் ஆடு வாய் வைக்காது. வேலி சரியில்லாத மனையில் இதற்காகவே இதை நடுகிறார்கள். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.பி.கே. 1 ரகம் மானாவாரிக்கென்றே வந்தது.

“பூ நிறைய வைக்கிறது, காய் நாலுதான்” என்பது சீத்தா வைத்த எல்லா வீட்டிலும் கேட்கும் புகார். காரணம் பூவின் அமைப்பு. ஒரே பூவில் முதலில் மகரந்தத்தை ஏற்கும் பெண் பாகமான சூல்முடி பக்குவமாகிறது, பிறகுதான் மகரந்தம் உதிர்கிறது. தன் மகரந்தம் வரும்போது தன் சூல்முடி காய்ந்திருக்கும். நடுவில் தூது போவது அழுகல் பழ வாசனைக்கு வரும் சின்னஞ்சிறு வண்டுகள். கோடையின் வறண்ட காற்றில் சூல்முடி சீக்கிரம் காய்வதால் பூ அப்படியே உதிரும். மழை விழுந்து காற்றில் ஈரம் ஏறிய பின் வைக்கும் பூதான் காயாகும். பத்துப் பதினைந்து காய் கூடுதலாக வேண்டுமானால் கையால் சேர்க்கலாம். மாலையில் இதழ் நன்றாக விரிந்த பூக்களைப் பறித்துக் காகிதத்தில் தட்டி மகரந்தத்தை எடுத்து வையுங்கள். மறுநாள் விடிந்ததும், இதழ் பாதி மட்டும் திறந்த பூக்களின் நடுவில் மெல்லிய தூரிகையால் தடவுங்கள். பத்து நிமிட வேலை. விழுந்த பழத்தில் ஒன்றிரண்டை மரத்தடியிலேயே விட்டால் வண்டு தானாகவும் வரும்.

செதில்களுக்கு நடுவே உள்ள பள்ளம் அகன்று வெளிர் மஞ்சளானதும் பறிக்க வேண்டும். இன்னும் கல்லாகத்தான் இருக்கும். அரிசிப் பானைக்குள் இரண்டு மூன்று நாள் வைத்தால் பழுத்துவிடும். மரத்திலேயே வெடிக்க விட்டால் முதல் பந்தி அணிலுக்கு, இரண்டாம் பந்தி எறும்புக்கு. பள்ளங்களில் வெள்ளையாக மாவுப்பூச்சி அடைவது வழக்கம். எறும்பு ஏறும் அடிமரத்தில் கிரீஸ் தடவிய துணிப்பட்டை கட்டினால் பாதி குறையும். பூச்சியை வேறு கிளைக்குத் தூக்கிப் போய்ப் பாதுகாப்பதே எறும்புதான்.

பறவைக்குச் சீத்தாவில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கருப்புச் சிறகில் பச்சைப் புள்ளி இட்ட, ஓரிடத்தில் நிற்காமல் சிறகடிக்கும் பட்டாம்பூச்சி ஒன்று சீத்தா இலையிலும் நெட்டிலிங்க இலையிலும் முட்டை வைக்கும். இளந்துளிரில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்தைத் தேட வேண்டாம். வளர்ந்த மரத்துக்கு அது பொருட்டே இல்லை. விதையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பேனுக்கென்று அரைத்துத் தேய்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும்.

தேன்பழம்

சிங்கப்பூர் செர்ரி, சர்க்கரைப்பழம் என்று ஊருக்கு ஒரு பேர். இலங்கையில் ஜாம் பழம். பிறந்த இடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. விதை முளைத்து இரண்டு ஆண்டுக்குள் காய்க்கும், அதன்பின் ஆண்டு முழுக்க ஓய்வே இல்லை. பறவைகளை வரவழைக்க மட்டும் ஒரு மரம் என்றால் மேலே சொன்ன மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. கொண்டைக்குருவி, குயில், குக்குறுவான், மைனா, விரல் நீளமே உள்ள மலர்கொத்தி எல்லாவற்றையும் ஒரே காலையில் இதில் பார்க்கலாம். பகல் முழுக்கப் பறவை, இருட்டியதும் வௌவால்.

நமக்கு? குண்டுமணியைவிடச் சற்றுப் பெரிய பழம். பிள்ளைகள் வாய்க்குள் போட்டுக்கொள்ளலாம், ஒரு கிண்ணம் சேர்ப்பதற்குள் கை சலித்துவிடும். பூவும் ஒரு நாள்தான். தரையெங்கும் இலை, பழம், பூவிதழ் பிசுபிசுவென்று மிதிபடும். காரை அடியில் நிறுத்தினால் தினமும் கழுவ வேண்டும். கிளை பலமற்றது, காற்று மழையில் முறியும். சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளி இடமில்லாதவர்கள் நடக்கூடாது என்பது எங்கள் கருத்து. நட்டே ஆக வேண்டுமென்றால் ஆண்டுக்கு இரு முறை பத்தடிக்கு மொட்டையடித்து நிறுத்துங்கள், தாங்கும். வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று கிளை கிளையாகப் பார்த்துவிடுங்கள்.

இதே வேலையைப் பாதி இடத்தில் செய்வது மல்பெரி. பென்சில் பருமன் முற்றிய குச்சியை ஒரு சாண் வெட்டி, மூன்று நான்கு கணு இருக்கும்படி, இரண்டு கணு மண்ணுக்குள் போக நட்டால் போதும். சில மாதத்தில் பழம். கவாத்து செய்து இலையை உருவிவிட்டால் வரும் துளிரோடு மறுபடி காய் வரும்; ஆறடியில் புதராகவே வைத்துக்கொள்ளலாம். குயிலும் கொண்டைக்குருவியும் தின்பது போக நமக்கும் ஒரு கிண்ணம் தேறும். துணிக்கொடிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். பறவை எச்சத்தின் ஊதாக் கறை வெள்ளைச் சட்டையில் போகவே போகாது.

மற்றவை, சுருக்கமாக

மாதுளைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும், பார்க்க அழகு. பழத்தை எதிர்பார்க்காதீர்கள், முக்கியமாகக் கடலோர ஊர்களில். புழுக்கத்தில் இலைப்புள்ளி நோய் வரும். தண்ணீர் ஒரு நாள் அதிகம் ஒரு நாள் குறைவு என்று விட்டால் தோல் வெடிக்கும். பழத்தைத் துளைக்கும் புழுவே ஒரு பட்டாம்பூச்சியின் புழுதான். பட்டாம்பூச்சியையும் மாதுளையையும் ஒருசேர விரும்புபவர்களுக்கு இது சங்கடம்.

பப்பாளி பத்து மாதத்தில் பழம் தரும். பெரிய மரம் காய்ப்புக்கு வரும்வரை இடத்தை நிரப்ப நல்லது. கோ 7, ரெட் லேடி போன்ற ரகங்களில் ஆண் மரம் வராது என்பதால் ஒன்றிரண்டு வைத்தால் போதும். வேரடியில் ஒரு நாள் தண்ணீர் நின்றாலே அழுகும். வாழை நேர் எதிர். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு தாய் மரம், ஒரு பக்கக் கன்று. பூவின் தேனுக்குப் பகலில் தேன்சிட்டும் அணிலும், இரவில் வௌவாலும் வரும். அந்த நாலடி இடத்தில் இவ்வளவு நடமாட்டம் தரும் வேறு செடி இல்லை.

எலுமிச்சையும் கறிவேப்பிலையும்

பட்டாம்பூச்சிக்குப் பூ மட்டும் வைத்தால் அது விருந்தாளியாக வந்து போகும். கொல்லையிலேயே பிறக்க வேண்டுமென்றால் புழு தின்னும் இலை வேண்டும். அந்த இலையை நம் சமையலறைச் செடிகள் இரண்டு வைத்திருக்கின்றன. எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் இந்த இரண்டிலும் முட்டையிடும். புழு சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தெரியும், கடைசியில் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். முட்டையிலிருந்து சிறகு விரிக்க ஏறத்தாழ ஒரு மாதம்.

இரண்டில் எதை நடுவது? எலுமிச்சைக்கு முள் உண்டு, வெயில் வேண்டும், இலைத் துளைப்பானும் சொறிநோயும் வரும். இரண்டடிக் கன்றில் பத்துப் புழு ஏறினால் ஒரே வாரத்தில் மொட்டை. கறிவேப்பிலை ஓரளவு நிழலிலும் வரும், வெட்ட வெட்டத் தழைக்கும். எல்லாக் கிளையையும் ஒடித்து ரசத்தில் போட்டுவிடாமல் ஒரு கிளையைப் பூக்க விட்டால் தேனீ வரும், பிறகு கருத்த பழத்துக்குக் குயில் வரும். இலை, பூ, பழம் மூன்றும் வேறு வேறு உயிருக்கு உதவும் இந்தச் செடியை ஒரு சென்ட்டில் யாரும் தவறவிடக்கூடாது. எலுமிச்சையும் இருந்தால், கன்று தோளுயரம் வரும்வரை அதிலுள்ள புழுவை இலையோடு எடுத்துக் கறிவேப்பிலையில் விடுங்கள்.

பூவில் தேர்வு

குண்டுமல்லி நமக்கு மட்டுமான செடி. கார்த்திகை நடுவில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் பங்குனி முதல் கூடை நிறையப் பூக்கும். அடுக்கு இதழ் என்பதால் பறவைக்கும் பூச்சிக்கும் பெரிதாக எதுவும் கிடைக்காது. மொட்டைத் துளைக்கும் புழுதான் வரும். தலைக்குப் பூ வேண்டுமென்றால் ஒரு செடி வையுங்கள், அதில் வேறு பலனைத் தேட வேண்டாம்.

செம்பருத்தியில் ஒற்றை இதழ் ரகம்தான் தேன்சிட்டுக்கு உதவும். அது பூவின் அடியில் அலகால் துளை போட்டுத் தேனை எடுப்பதைப் பார்க்கலாம். ஆனால் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி மிகவும் பிடிக்கும். கொய்யாவுக்கும் சீத்தாவுக்கும் பக்கத்தில் வைத்தால் பூச்சிக்கு நாமே பாலம் போட்டது போல. கொல்லையின் மறு ஓரத்தில் வையுங்கள்.

மூன்றில் எங்கள் வாக்கு இட்லிப்பூவுக்கு. பழைய உயரமான சிவப்பு ரகம், அதாவது நம் வெட்சி. நர்சரிகளில் விற்கும் குட்டை ரகம் அல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் செடி. நீண்ட குழல் பூவின் தேனுக்குப் பெரிய சிறகுள்ள பட்டாம்பூச்சிகள் வரும், சாமிக்கும் பறிக்கலாம், பழத்தைக் கொண்டைக்குருவி தின்னும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. உப்பு போர்வெல் தண்ணீரும், சுவரோரம் புதைந்த சிமென்ட் கழிவும்தான் பெரும்பாலும் காரணம். செடியை மூன்றடி தள்ளி, மண்ணை மாற்றி, தொழு உரம் போட்டு நடுங்கள். பட்டாம்பூச்சி வருகிறதே என்று உன்னிச்செடியைக் காட்டிலிருந்து கொண்டுவந்து வைக்காதீர்கள். முதுமலைக் காடுகளை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான்.

வலை, மருந்து, வௌவால், தண்ணீர்

மரத்தை மூடிப் பறவை வலை போடுவது எளிதாகத் தோன்றும். தளர்ந்த மெல்லிய நைலான் வலையில் கிளி மட்டுமா சிக்கும்? எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பும் சிக்கி வெயிலில் சாகும். பை கட்டப் பொறுமையில்லாதவர்கள் விரல் நுழையாத கண்ணுள்ள வலையைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டலாம், தொங்கவிடக் கூடாது.

மருந்து விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல பாடம் உண்டு. 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. ரசாயனம் அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த சிறு குளவி ஒன்றை விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. கொல்லையில் கண்ட மருந்தையும் அடித்தால் இப்படிப்பட்ட குளவிகள்தான் முதலில் சாகும். மாவுப்பூச்சிக்கு முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பிறகும் இருந்தால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கலக்கச் சிறிது காதி சோப்பு. மாலையில், பூவில் படாமல், பூச்சி உள்ள கிளைக்கு மட்டும். கறிவேப்பிலைக்கு அடிக்க வேண்டாம், பட்டாம்பூச்சிப் புழுவும் சாகும்.

வௌவாலோ அணிலோ கடித்த பழத்தைக் கடித்த இடம் வெட்டிவிட்டுச் சாப்பிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். பழந்தின்னி வௌவால்கள் நிபா கிருமியைச் சுமக்கக்கூடியவை. 2018-ல் கோழிக்கோட்டில் அந்த நோய் உயிர்களைப் பறித்தது. பற்குறி உள்ளதை முழுதாக உரக்குழியில் போட்டு, கையை சோப்பால் கழுவிக்கொள்ளுங்கள். அதற்காக வௌவாலை விரட்ட வேண்டியதில்லை. பறிக்கும் பதத்தில் பறித்துவிட்டால் அது வேறு மரம் தேடிப் போய்விடும்.

தண்ணீர்த் தொட்டி இரண்டு அங்குல ஆழம் போதும். மண் தட்டில் ஒரு கல்லைப் போட்டு வைத்தால் தேன்சிட்டு முதல் அணில்வரை பயன்படுத்தும். தினமும் கவிழ்த்துத் தேய்த்து ஊற்றுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டால் அதில் கொசு பிறந்து பறந்துவிடும்.

யாருக்கு எது

தினமும் கொல்லைக்கு இறங்குபவர், ஒரு சென்ட், நல்ல தண்ணீர்: தாழ்வாக நிறுத்திய கொய்யா ஒன்று, நிழல் ஓரத்தில் கறிவேப்பிலையும் வெட்சியும், மூலையில் மல்பெரிப் புதர், குளியலறைத் தண்ணீருக்கு வாழை. இந்தக் கூட்டணி இருநூறு சதுர அடியில் அடங்கும்.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இடம், அல்லது வாரம் ஒரு முறைதான் ஆள் வரும் வீடு: சீத்தா. கொய்யா வைத்தால் பழ ஈக்கு வளர்ப்பு நிலையமாகிவிடும்.

மூன்று சென்ட்டுக்கு மேல், பேரப்பிள்ளைகளை நினைத்து நடுபவர்: சப்போட்டா ஒரு கோடியில், கொய்யா மறு கோடியில்.

வயதானவர் இருக்கும் வீடு, பறிக்கவும் வெட்டவும் ஆள் இல்லை, பறவை பார்த்தால் போதும்: சுவரும் காரும் தள்ளி இருக்குமானால் தேன்பழம். இல்லையென்றால் மல்பெரி இரண்டு.

எதை நட்டாலும் ஆடி முதல் மார்கழிக்குள் நடுங்கள். குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம். பத்து கிலோ தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு, தோண்டிய மேல்மண். ஒட்டுக் கட்டிய இடம் தரைக்கு அரை அடி மேலே நிற்க வேண்டும். நர்சரியில் பழம் தொங்கும் பெரிய செடியைப் பார்த்து மயங்காதீர்கள். பையின் அடியைத் தடவிப் பார்த்து, வேர் வெளியே வந்து சுருண்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்றடிக்குள் உள்ள, தண்டு பென்சில் பருமனுக்குக் குறையாத, காய் இல்லாத கன்றைக் கேளுங்கள். விலையும் பாதிதான் இருக்கும்.